தண்ணீருக்காக எரிந்த கரி

1934-ம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவுக்கு எதிராகப் படை திரட்டியது. கொலராடோ ஆற்றின் குறுக்கே பார்க்கர் அணை எழும்பிக்கொண்டிருந்த நேரம். அங்கே தேங்கப்போகும் தண்ணீர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகவிருந்தது. தங்கள் எல்லையில் ஓடும் ஆற்றைக் கண்ணெதிரே மடை திருப்புகிறார்களே என்று கொதித்த ஆளுநர் பெஞ்சமின் மோயர், மாநிலக் காவல்படையை ஆற்றங்கரைக்கு அனுப்பினார். பாலைவனத்தில் போர்க்கப்பலுக்கு எங்கே போவது? ஆட்களை அக்கரை சேர்க்கும் பழைய படகுகளைப் பிடித்தார்கள். பத்திரிகைகள் அதற்கு ‘அரிசோனா கடற்படை’ என்று பெயர் சூட்டிச் சிரித்தன. படகுகள் இரும்புக் கயிற்றில் சிக்கிக்கொள்ள, கலிபோர்னியக்காரர்களே வந்து மீட்டுவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. குண்டு எதுவும் வெடிக்காமல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நிலக்கரி பற்றிய அத்தியாயத்தில் ஆற்றுத் தகராறுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அரிசோனாவில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. அந்த மாநிலத்தில் மிகப்பெரியதாக இருந்த நிலக்கரி மின் நிலையம் கட்டப்பட்டதற்கு முக்கியக் காரணமே தண்ணீர் இறைப்பதுதான். அங்கே கரியை எரிப்பதற்கும் தண்ணீர் தேவைப்பட்டது. போதாக்குறைக்கு, ஒரு சுரங்கத்தில் வெட்டிய கரியை ஊர் தாண்டி, மாநிலம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் தண்ணீர்தான்.

தலைநகர் ஃபீனிக்ஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 20 சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. மாநிலத்துக்கு வாய்த்த பெரிய ஆறு கொலராடோ. அது வடக்கில் பெரும் பள்ளத்தாக்கைக் குடைந்து, மேற்கு எல்லையோரமாகத் தெற்கே இறங்கிவிடுகிறது. மக்களும் பருத்தி வயல்களும் இருப்பதோ மாநிலத்தின் நடுவிலும் தெற்கிலும், ஆற்றைவிட உயரத்தில். பல ஆண்டுகள் நடந்த வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றம் அரிசோனாவின் பங்கு ஆண்டுக்கு 28 லட்சம் ஏக்கர்-அடி என்று உறுதிசெய்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழம் நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி. சுமார் 12 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். உரிமை கிடைத்துவிட்டது. தண்ணீரை மேலே ஏற்றுவது எப்படி என்ற கேள்வி மட்டும் பாக்கி.

அதற்கான விடைதான் மத்திய அரிசோனா கால்வாய்த் திட்டம். ஹவாசு ஏரியில் தொடங்கி, ஃபீனிக்ஸைத் தொட்டு, டூசான் வரை 540 கிலோமீட்டர் நீளும் கால்வாய். தொடங்கிய இடத்திலேயே தண்ணீரை 250 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, ஒரு மலையைக் குடைந்த 11 கிலோமீட்டர் சுரங்க வழிக்குள் தள்ள வேண்டும். வழிநெடுக இருக்கும் உந்து நிலையங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் டூசான் போகும் தண்ணீர் ஏறுகிற மொத்த உயரம் ஏறக்குறைய 880 மீட்டர்.

இங்கே பள்ளிக்கூட இயற்பியல் கைகொடுக்கும். ஒரு டன் தண்ணீரை, அதாவது ஆயிரம் லிட்டரை, 880 மீட்டர் தூக்கக் குறைந்தபட்சம் 2.4 யூனிட் மின்சாரம் வேண்டும். புவியீர்ப்பு விசை யாருக்கும் சலுகை தருவதில்லை. பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் 3 யூனிட் ஆகிவிடும். கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது. ஆனால் திட்டம் கொண்டுபோக நினைத்தது ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி. ஏறக்குறைய 185 கோடி டன். அதில் பெரும்பகுதி டூசான்வரை போகாமல் ஃபீனிக்ஸ் பக்கமே இறங்கிவிடுகிறது. இருந்தும் அரிசோனாவில் மின்சாரத்தை மிக அதிகமாக நுகரும் தனி வாடிக்கையாளர் எந்தத் தொழிற்சாலையும் இல்லை, இந்தக் கால்வாய்தான்.

இவ்வளவு மின்சாரம் எங்கிருந்து வரும்? முதலில் சொன்ன பதில், ஆற்றிலிருந்தே என்பது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் பகுதியில், மார்பிள் கேன்யனிலும் பிரிட்ஜ் கேன்யனிலும் இரண்டு அணைகள் கட்டுவது. அவற்றின் நீர்மின்சாரத்தில் பம்புகளை ஓட்டுவது, மிச்சத்தை விற்றுத் திட்டச் செலவை ஈடுகட்டுவது. பாசனத்துக்காக அந்த அணைகளில் ஒரு சொட்டும் தேக்கப்போவதில்லை. பணம் சம்பாதிக்க மட்டுமே அணைகள்.

சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெகுண்டெழுந்தது. அதன் செயல் இயக்குநர் டேவிட் ப்ரோவர் 1966-ல் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அவற்றில் ஒன்று, வத்திக்கான் தேவாலயம் ஒன்றில் மைக்கேலேஞ்சலோ வரைந்த கூரை ஓவியங்களை அருகில் பார்ப்பதற்காக அந்தத் தேவாலயத்தைத் தண்ணீரால் நிரப்பலாமா என்று கேட்டது. முதல் விளம்பரம் வந்த மறுநாளே வருமான வரித்துறையின் கடிதம் கிளப்பின் கதவைத் தட்டியது. வரிச்சலுகை போயிற்று; உறுப்பினர் எண்ணிக்கை எகிறிற்று. அணைகள் வேண்டாம் என்றால் மாற்று என்ன என்ற கேள்விக்கு, கிளப் பக்கம் நின்ற வல்லுநர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: அணு உலையோ நிலக்கரியோ இதைவிட மலிவு.

உள்துறை அமைச்சராக இருந்த ஸ்டூவர்ட் யூடால் அரிசோனாக்காரர். அவர் 1967-ல் அணைகளைக் கைவிட்டு, அனல் மின்சாரத்தின் பக்கம் திரும்பினார். 1968-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், புதிய அனல் மின் நிலையம் ஒன்றில் மத்திய அரசே பங்கு வாங்கிக்கொள்ள வழிசெய்தது. பள்ளத்தாக்கு தப்பித்தது. அதற்கான விலை வடகிழக்கே ஒரு மேட்டு நிலத்தின் தலையில் விழுந்தது. அணைக்கு எதிரான அந்த விளம்பரங்களை இன்றும் கொண்டாடுகிறவர்கள், விலையைக் கொடுத்த அந்த மேட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த மேட்டுக்குப் பெயர் பிளாக் மேசா. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், பரந்து தட்டையாகக் கிடக்கும் பாறை நிலம். இன்றைக்கு வறண்டு கிடக்கும் இந்த இடம், டைனோசர்கள் திரிந்த கிரிட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் கடற்கரைச் சதுப்பாக இருந்தது. வட அமெரிக்காவை நடுவில் பிளந்துகொண்டு அப்போது ஓர் உள்நாட்டுக் கடல் கிடந்தது. அதன் கரையில் மண்டிய தாவரங்கள் சேற்றில் புதைந்து, அழுந்தி, கந்தகம் குறைந்த நல்ல கரியாக மாறின.

அந்தக் கரியை முதலில் தோண்டியவர்கள் ஹோப்பி பழங்குடி மக்கள். மேட்டின் தெற்கு விளிம்பில் அவர்களுடைய கல்வீட்டுக் கிராமங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ஒராய்பி, அமெரிக்காவில் மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே, 13-ம் நூற்றாண்டு வாக்கில், இவர்கள் கரியை வெட்டிக் குளிர்காய்ந்தார்கள், மண்பாண்டம் சுட்டார்கள். ஸ்பானியர் வந்து ஆடுமாடுகள் பெருகிய பிறகு எருவும் விறகும் போதுமென்றாகி, கரி கைவிடப்பட்டது. மேட்டின் மற்ற பகுதிகளில் ஆடு மேய்த்து வாழ்பவர்கள் நவஹோ பழங்குடி மக்கள். கரிப் படுகையின் ஒரு பகுதி நவஹோக்களுக்குச் சொந்தம், இன்னொரு பகுதி இருவருக்கும் பொது.

1964-லும் 1966-லும் பீபாடி நிலக்கரிக் கம்பெனியுடன் குத்தகைகள் கையெழுத்தாயின. நவஹோக்களுக்குக் கிடைத்த உரிமைத்தொகை டன்னுக்கு அதிகபட்சம் 37.5 சென்ட். கரியின் விலை ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது. ஹோப்பிகளின் வழக்கறிஞராக இருந்தவர் ஜான் பாய்டன். அவர் அதே ஆண்டுகளில் பீபாடிக்கும் வேலை பார்த்திருக்கிறார் என்பதைச் சட்டப் பேராசிரியர் சார்ல்ஸ் வில்கின்சன் பின்னாளில் ஆவணங்களைத் துருவி வெளியே கொண்டுவந்தார். 1980-களில் நவஹோக்கள் கரி விலையில் 20 சதவீதம் கேட்டார்கள். அதிகாரிகள் இசையவிருந்த நேரத்தில் கம்பெனித் தரப்பு அன்றைய உள்துறை அமைச்சரைத் தனியே சந்தித்தது, முடிவு கிடப்பில் போடப்பட்டது, 1987-ல் 12.5 சதவீதத்தில் விஷயம் முடிந்தது. 60 கோடி டாலர் இழப்பீடு கேட்டு நவஹோ அரசு தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு முறை போய், 2003-லும் 2009-லும் தோற்றது.

மேட்டின் மேல் இரண்டு திறந்தவெளிச் சுரங்கங்கள் வந்தன. கயெண்டா சுரங்கத்தின் கரி வடமேற்கே, பேஜ் ஊருக்கருகே நவஹோ மண்ணில் கட்டப்பட்ட நவஹோ மின் நிலையத்துக்கு. பிளாக் மேசா சுரங்கத்தின் கரி மேற்கே, நெவாடா மாநிலத்தில் லாஃப்லின் என்ற இடத்தில் இருந்த மொகாவே மின் நிலையத்துக்கு. அரை டன், ஒரு டன் அள்ளும் சங்கதி இல்லை. வெடிவைத்துப் பெயர்த்த மேல்பாறையை, மின்சாரத்தில் ஓடும் ராட்சத வாளி இயந்திரங்கள் வாரி ஒதுக்கும். உள்ளே அடுக்கடுக்காகக் கரி.

கயெண்டா கரியின் பயணம் எளிது. கன்வேயர் பெல்ட்டில் 27 கிலோமீட்டர், அதன்பின் மின்சார ரயிலில் 125 கிலோமீட்டர். இந்த ரயில்பாதை நாட்டின் வேறெந்தப் பாதையோடும் சேராதது. சுரங்கத்தின் கரிமேட்டுக்கும் கொதிகலனுக்கும் நடுவே போய்வருவதைத் தவிர அதற்கு வேறு பிழைப்பு இருந்ததில்லை. ஆனால் உலகில் முதன்முதலாக 50,000 வோல்ட்டில் ரயில் ஓடியது இங்கேதான்.

மொகாவே கரியின் பயணம் வினோதமானது. கரியை நொறுக்கி அரைத்து, சரிபாதி தண்ணீர் கலந்து, கருங்கூழாக்கி, 440 கிலோமீட்டர் குழாயில் தள்ளினார்கள். போய்ச்சேர ஏறக்குறைய மூன்று நாள். இத்தனைக்கும் இந்தக் குழாயைப் போட்டது சதர்ன் பசிபிக் என்ற ரயில் கம்பெனியின் துணை நிறுவனம்! மறுமுனையில் கூழைச் சுழற்றித் தண்ணீரைப் பிரித்து, கரியை எரித்தார்கள். 1970-ல் தொடங்கி 2005 முடிய ஓடிய இந்த ஏற்பாட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் பிளாக் மேசாவின் அடியிலிருந்தே இறைக்கப்பட்டது.

மேட்டின் ஆழத்தில் நவஹோ மணற்கல் என்ற பாறை அடுக்கு இருக்கிறது. அதன் நுண்துளைகளில் தேங்கியிருப்பது கடந்த பனியுக காலத்தில் பெய்த மழை. பல இடங்களில் பத்தாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய வயது. சுத்திகரிக்காமலே குடிக்கும் தரம். ஹோப்பி கிராமங்களுக்கும் நவஹோ ஊர்கள் பலவற்றுக்கும் இதுதான் குடிநீர். இதிலிருந்து சுரங்கக் கம்பெனி ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 ஏக்கர்-அடி, கிட்டத்தட்ட 500 கோடி லிட்டர், எடுத்தது. கரியை ஊர்கடத்த உலகத்தில் வேறு வழியே இல்லையென்றால் ஒப்புக்கொள்ளலாம். பக்கத்துச் சுரங்கத்தின் ரயில் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

நீர்மட்டம் இறங்கியதா? அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1971 முதல் அளந்துவருகிறது. சில கண்காணிப்புக் கிணறுகளில் நூறு அடிக்கும் மேல் சரிவு. படுகையின் மொத்த நீரோடு ஒப்பிட்டால் எடுத்தது சிறு பங்குதான் என்றது கம்பெனி. ஊற்றுகள் வற்றுகின்றன, அவற்றைச் சுற்றித்தான் எங்கள் சடங்குகளே இருக்கின்றன என்றார்கள் ஹோப்பிகள். இரண்டு தரப்பும் ஒரே தண்ணீரை வேறுவேறு விதமாக அளந்தன. பாறைக்குள் மொத்தம் எவ்வளவு என்பது ஓர் அளவு. மேலே ஊற்றுக்கண்ணில் அழுத்தம் எவ்வளவு என்பது வேறோர் அளவு. மொத்தத்தில் கொஞ்சமே குறைந்தாலும் அழுத்தம் விழுந்தால் ஊற்று நின்றுவிடும்.

ஹோப்பி மக்களின் முன்னாள் தலைவர் வெர்னன் மசயெஸ்வா முதலியோர் இந்தத் தண்ணீருக்காகவே இயக்கம் கட்டினார்கள். 2006-ல் ஹோப்பி ஓட்டக்காரர்கள் தங்கள் கிராமத்திலிருந்து உலகத் தண்ணீர் மாநாடு நடந்த மெக்ஸிகோ சிட்டி வரை, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், மாற்றி மாற்றி ஓடினார்கள். அதற்குள் குழாய் நின்றுபோயிருந்தது. மொகாவே நிலையத்தில் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்த வேண்டும் என்று 1999-ல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டுக்குக் கெடு நெருங்கியும் முதலாளிகள் செலவு செய்யவில்லை. தண்ணீர்ச் சிக்கலும் தீரவில்லை. 1,580 மெகாவாட் மொகாவே நிலையம் 2005 டிசம்பர் 31-ம் தேதி மூடப்பட்டது. சுரங்கத்தின் நீர் இறைப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கிணறுகள் சிலவற்றில் மட்டம் மெல்ல ஏறத் தொடங்கியது.

நவஹோ மின் நிலையம் இன்னும் பெரியது. 750 மெகாவாட் அலகுகள் மூன்று, 1974 முதல் 1976 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஓடத் தொடங்கின. 236 மீட்டர் உயரப் புகைபோக்கிகள் மூன்று. மத்திய அரசின் பங்கு 24.3 சதவீதம், கால்வாயின் பம்புகளுக்கான மின்சாரம் அது. மாவாக அரைத்த கரி எரிந்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 240 மடங்கு அழுத்தத்தில், சுமார் 540 டிகிரி வெப்பத்தில் நீராவி தயாராகும். அது டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும்போது மறுபடி நீராகக் குளிர வேண்டும். சிக்கல் இங்கேதான். கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும்பகுதியை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கடலோரமானால் கடலில் கொட்டலாம். பாலைவனத்தில் தண்ணீரை ஆவியாக்கித்தான் கொட்ட முடியும். பக்கத்திலிருந்த பவல் ஏரியிலிருந்து, அதாவது அதே கொலராடோவிலிருந்து, ஆண்டுக்கு சுமார் 28,000 ஏக்கர்-அடி நீரை நிலையம் குடித்தது. யூனிட்டுக்கு ஏறக்குறைய 2 லிட்டர்.

இப்போது முதல் கணக்கை முடிக்கலாம். டூசானில் ஒரு டன் கொலராடோ தண்ணீர் போய்ச்சேர 3 யூனிட். அதற்காக பிளாக் மேசாவின் கரி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எரியும், 3 கிலோ கரியமில வாயு மேலே போகும், பவல் ஏரியின் 6 லிட்டர் ஆவியாகும். ஆயிரம் லிட்டருக்கு 6 லிட்டர் என்பது மோசமான கமிஷன் இல்லைதான். அந்த 6 லிட்டர் யாருடையது என்பதில்தான் வில்லங்கம். 1968-ல் நவஹோ சபை, கொலராடோவின் மேல்படுகைத் தண்ணீர் மீதான தன் கோரிக்கையை நிலையம் இயங்கும் காலம்வரை கட்டுப்படுத்திக்கொள்வதாக எழுதிக்கொடுத்திருந்தது.

அணைகளிடமிருந்து காப்பாற்றப்பட்ட கிராண்ட் கேன்யனும் முழுதாகத் தப்பவில்லை. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கை மூடும் மங்கல் புகைக்கு இந்த நிலையத்தின் கந்தக டை ஆக்ஸைடும் ஒரு காரணம் என்று தேசியப் பூங்காத் துறை 1987-ல் நடத்திய ஆய்வு காட்டியது. 1990-களின் இறுதியில் புகை கழுவும் கருவிகள் பொருத்தப்பட்டு, கந்தகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நல்ல கரி என்று பெயர் வாங்கிய கரிக்கே அவ்வளவு கழுவல் தேவைப்பட்டது.

நிலையத்திலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த சுமார் 800 பேரில் மிகப் பெரும்பாலோர் நவஹோக்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைப் போன்ற சம்பளம் வேறெங்கும் இல்லை. ஹோப்பி அரசின் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு கரியிலிருந்து வந்தது. தண்ணீருக்காகப் போராடிய வீட்டிலேயே சுரங்கச் சம்பளத்தில் படித்த பிள்ளையும் இருந்தான். இதையெல்லாம் பார்க்காமல் கரியை வில்லனாக மட்டும் எழுதுவது சுலபம். இன்னொரு பக்கம், உயர் அழுத்த மின்கம்பிகள் தலைக்கு மேலே ஃபீனிக்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் போய்க்கொண்டிருக்க, கீழே நவஹோ நிலத்தில் சுமார் 15,000 வீடுகளுக்கு மின் இணைப்பே இருக்கவில்லை. கால்வாய்க்காக மலையேறிய தண்ணீர், மூன்றில் ஒரு நவஹோ வீட்டின் குழாய்க்கு வந்து சேரவில்லை. பீப்பாயில் தண்ணீர் பிடித்து வண்டியில் ஏற்றிவருவது அங்கே அன்றாடம்.

கடைசியில் நிலையத்தை மூடியது போராட்டமோ சட்டமோ இல்லை, எரிவாயு. பாறையைப் பிளந்து எடுக்கும் வாயு மலிந்து, மின்சாரச் சந்தையில் விலை விழுந்தது. கரி மின்சாரத்தைவிட வெளியே வாங்குவதே லாபம் என்று கால்வாய் நிர்வாகமே கணக்குக் காட்டியது. எந்தத் தண்ணீருக்காக நிலையம் கட்டப்பட்டதோ அந்தத் தண்ணீரே அதைக் கைகழுவியது. 2017 பிப்ரவரியில் உரிமையாளர்கள் மூட முடிவெடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் கடைசிக் கரி ரயில், நவம்பர் 18-ல் கடைசி மின்சாரம், 2020 டிசம்பர் 18-ல் மூன்று புகைபோக்கிகளும் வெடிவைத்துத் தகர்ப்பு.

மூடலுக்கான பேரத்தில் நவஹோக்கள் ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்: நிலையத்தின் மின்தடத்தில் 500 மெகாவாட் அனுப்பும் உரிமை. கயெண்டா ஊரில் அவர்களுடைய மின் வாரியம் 2017-லும் 2019-லும் இரண்டு கட்டமாக 55 மெகாவாட் சூரிய மின் பண்ணை அமைத்தது. ஒளிப்பலகைக்குக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம். தூசு துடைக்க மட்டும் கொஞ்சம் போதும். 2,250 மெகாவாட்டுக்கு முன் 55 சின்ன எண். ஆளெடுப்பதிலும் சுரங்கத்துக்கு அது ஈடில்லை. பண்ணையைக் கட்டும்போது நூற்றுக்கணக்கில் வேலை, கட்டி முடித்தபின் ஒரு சிலருக்கு மட்டும்.

கொலராடோவும் முன்போல் இல்லை. 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல்முறையாக ஆற்றில் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, 2022-க்கான அரிசோனாவின் பங்கில் 5 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் வெட்டு விழுந்தது. அடி பெரும்பாலும் கால்வாய்மேல். பம்புகளுக்கு வேலை குறைந்திருக்கிறது. நவஹோக்களும் ஹோப்பிகளும் சான் வான் தெற்குப் பையூட் மக்களும் 2024 மே மாதம் தங்கள் தண்ணீர் உரிமையை ஒரே ஒப்பந்தமாகப் பேசி முடித்தார்கள். கொலராடோவின் மேல்படுகைப் பங்கும் நிலத்தடி நீரும் அதில் அடக்கம். குழாய் போட்டு வீடுகளுக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 500 கோடி டாலர் கேட்கிறார்கள். அது நடைமுறைக்கு வர வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.